கத்தி தீட்டும் வார்: பதனிடுவோரும் மழிப்போரும்



மடக்குக் கத்தியால் மழித்துக்கொள்ளும் பழைய முறை நம் இளைஞர் சிலரிடையே மீண்டும் தலைகாட்டத் தொடங்கியுள்ளது. கத்தியை வாங்கியதும் அவர்கள் எதிர்கொள்ளும் அடுத்த தேவை, அதைத் தீட்டுவதற்கான தோல்வார். எந்தத் தோலில் செய்த வார் நல்லது, குதிரைத் தோலில் செய்ததைப் பயன்படுத்தலாமா, அதில் தீட்டிய கத்தியால் உம்ரா முடித்துத் தலைமுடி மழிப்பதில் குறையேதும் உண்டா என்ற கேள்விகள் தூய்மை பற்றிய பாடம் நடக்கும் வகுப்புகளில் எழுவதுண்டு. மார்க்கச் சட்டத்தின் விடையை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தத் தோல்வாருக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதில் குர்துபாவும் ஃபாஸ் நகரமும் சிக்காகோவும் வாணியம்பாடியும் வருகின்றன. தோலைப் பதனிட்டவர்களும் அதில் கத்தி தீட்டி நம் தலையை மழித்தவர்களும் வருகின்றனர். அவ்விரு சாராரையும் நாம் எப்படி நடத்தினோம் என்பதும் அந்த வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

வார் என்ன செய்கிறது?

சவரக்கத்தியின் விளிம்பு கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியது. ஒருமுறை மழித்ததும் அவ்விளிம்பு முற்றிலும் மழுங்கிவிடுவதில்லை. ஆங்காங்கே சற்றே வளைந்தும் மடிந்தும் போகிறது. சாணைக்கல் இரும்பைத் தேய்த்துக் கழித்துப் புதிய விளிம்பை உண்டாக்கும். தோல்வாரோ இரும்பை ஏறக்குறையக் கழிப்பதே இல்லை. வளைந்த விளிம்பை நேராக்கி மெருகேற்றுவதே அதன் பணி. ஆகவே சாணைக்கல்லின் தேவை சில மாதங்களுக்கு ஒருமுறைதான் எழும். வாரின் தேவையோ ஒவ்வொரு முறை மழிக்கும் முன்பும் எழும்.

தீட்டும் முறையிலும் இரண்டும் எதிரெதிரானவை. கல்லில் விளிம்பு முன்னே செல்ல, கத்தியின் முதுகு பின்னே வரும். வாரில் முதுகு முன்னே செல்ல, விளிம்பு பின்னே இழுபட்டு வரும். வாரின் முனையை அடைந்ததும் கத்தியை முதுகின் மேலேயே புரட்டித் திருப்ப வேண்டும். விளிம்பின் மேல் புரட்டினால் கத்தியும் கெடும், வாரும் அறுபடும். வாரைத் தொய்வின்றி இழுத்துப் பிடித்து, முதுகும் விளிம்பும் ஒருசேரத் தோலில் படியும்படி, அழுத்தாமல் இழுக்க வேண்டும். தொய்ந்த வாரில் தீட்டினால் விளிம்பு உருண்டு மழுங்கிவிடும். நல்ல வாரில் இரண்டு பட்டைகள் உண்டு: ஒன்று கெட்டியான நூல்துணி, மற்றொன்று தோல். துணியில் இருபது முப்பது முறையும் பின்னர் தோலில் ஐம்பது முறையளவும் தீட்டுவது பயின்றோரின் வழக்கம்.

நம் ஊர்களில் நாவிதரின் அடைப்பத்தில் கத்தி, கத்தரி, கிண்ணி, சாணைக்கல் ஆகியவற்றோடு ஒரு தோல்துண்டும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வார் இல்லாத வேளையில் உள்ளங்கையிலேயே கத்தியை இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வோரும் இருந்தனர். பல்லாண்டு உழைத்துக் காய்த்துப்போன உள்ளங்கையின் தோலும் ஒரு வாராகப் பயன்பட்டது என்பதே இதன் பொருள்.

இரும்பும் அதன் இடமும்

மழிக்கும் கத்திக்கு அரபியில் மூஸா என்று பெயர். மறைவிட முடியை நீக்குவதைக் குறிக்கும் நபிமொழிச் சொல் இஸ்திஹ்தாத். இரும்பு எனப் பொருள்படும் ஹதீத் என்ற சொல்லிலிருந்து பிறந்தது அது. இயற்கை மரபுகளான ஃபித்ராவில் ஒன்றாக இது எண்ணப்பட்டது. நாற்பது நாள்களுக்கு மேல் இதைத் தள்ளிப்போடலாகாது என்றும் வரையறுக்கப்பட்டது. குழந்தை பிறந்த ஏழாம் நாளில் தலைமுடி மழிப்பதும், ஹஜ்ஜிலும் உம்ராவிலும் தலை மழிப்பதும் கத்தியோடு தொடர்புடைய வணக்கங்களே. தாடியை வளர விடும் சமுதாயத்திற்குச் சவரக்கத்தி எதற்கு என்று கேட்போருக்கு இதுவே விடை.

நல்ல கத்தியின் இரும்பிலும் நம் நிலப்பகுதிக்குப் பங்குண்டு. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தீ வாள்களைப் பற்றி எழுதிய நூலில் இந்திய இரும்பையும் ஸரந்தீப் எனப்பட்ட இலங்கையின் இரும்பையும் குறிப்பிடுகிறார். தென்னிந்தியாவில் மண்குகையிலிட்டு உருக்கிய எஃகை ஐரோப்பியர் வூட்ஸ் என்று அழைத்தனர். கன்னடத்தின் உக்கு, தமிழின் உருக்கு ஆகிய சொற்களோடு அப்பெயர் தொடர்புபடுத்தப்படுகிறது. இலண்டனில் கத்தி செய்து வந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகைப் பெரிதும் மதித்தார். 1820ஆம் ஆண்டளவில் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து அதை ஆராயவும் செய்தார். ஆனால் எவ்வளவு உயர்ந்த எஃகாயினும் தோலின் துணையின்றி மழிக்கும் கத்தியாக நிலைத்திருப்பதில்லை. எனவே தோலின் கதைக்கு வருவோம்.

குர்துபாவின் தோல்

மடக்குக் கத்தி பயில்வோர் உலகெங்கும் உயர்வாகப் பேசும் வார்த் தோலுக்கு ஷெல் கார்டோவன் என்று பெயர். குதிரையின் பின்தொடைப் பகுதியில், தோலுக்கு நடுவே இருக்கும் நெருக்கமான நார்ப்படலத்தை எடுத்து, மரப்பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்டு, எண்ணெய் ஏற்றி, கண்ணாடி போல் மெருகிட்டுச் செய்வது இது. மயிர்க்கால் துளைகள் இல்லாத மேற்பரப்பு என்பதால் கத்தி வழுக்கிக்கொண்டு ஓடும். இழுபட்டு நீள்வதும் அரிது.

கார்டோவன் என்ற பெயர் வந்த இடம் நமக்கு அந்நியமானதன்று. அது குர்துபா, இன்றைய ஸ்பெயினின் கோர்தோபா நகரம். அந்தலூஸின் முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் அந்நகரின் தோல் பதனிடுவோர் மெல்லிய வெள்ளாட்டுத் தோலைப் பக்குவப்படுத்திய நேர்த்தி ஐரோப்பா முழுவதும் பேர்பெற்றது. குர்துபாவின் தோலால் காலணி செய்பவர் என்ற பொருளிலேயே பிரெஞ்சு மொழியில் செருப்புத் தைப்பவருக்குக் கோர்தொன்யே என்றும், பழைய ஆங்கிலத்தில் கார்ட்வெய்னர் என்றும் பெயர் வழங்கலாயிற்று. இலண்டன் மாநகரின் காலணித் தொழிலாளர் சங்கம் இன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. பொன் முலாமிட்டுச் சித்திர வேலை செய்த தோலை ஸ்பானியர் குவாதமெசி என்றனர். லிபியப் பாலைவனத்தின் கதாமிஸ் நகரப் பெயரிலிருந்து அது வந்தது என்பர். 1236இல் குர்துபா காஸ்டிலிய அரசரின் கைக்குச் சென்றது. அந்நகரின் பெரிய பள்ளிவாசல் தேவாலயமாக்கப்பட்டது. ஆயினும் தோலின் பெயரை எவரும் மாற்றவில்லை.

அதே குர்துபாவின் அருகில் வாழ்ந்தவர் அறுவை மருத்துவ மேதை அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவீ. அவர் எழுதிய அத்தஸ்ரீஃப் என்னும் பெருநூலின் அறுவைப் பகுதியில் கருவிகளின் படங்கள் வரையப்பட்டுள்ளன. கத்னா செய்யும் முறைகளையும் அவர் அதில் விவரிக்கிறார். நாவிதர்கள் சவரக்கத்தியைக் கொண்டு செய்யும் முறையை எடுத்துக்கூறி, கத்தரிக்கோலும் நூல்கட்டும் கொண்டு செய்வதே சிறந்தது எனத் தம் அனுபவத்தைப் பதிவு செய்கிறார். மருத்துவர்களுள் தலைசிறந்த ஒருவர் நாவிதரின் செய்முறையை இகழாமல் ஆராய்ந்து, ஒப்பிட்டுத் திருத்தினார் என்பது கவனிக்கத்தக்கது.

மொராக்கோவின் ஃபாஸ் நகரில் பழைய தோல் பதனிடும் தொட்டிகள் இன்றும் இயங்குகின்றன. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கி, புறா எச்சம் கரைத்த நீரில் மிருதுவாக்கி, பின்னர்ச் சாயத் தொட்டிகளில் இறங்கிக் காலால் மிதித்துத் தோலைப் பக்குவம் செய்கின்றனர். நாற்றமும் வெயிலும் நிறைந்த கடும் உழைப்பு அது. அந்நகரத்தில் வாழ்ந்து ஹிஜ்ரி 12ஆம் நூற்றாண்டில் மறைந்த இறைநேசர் அப்துல் அஸீஸ் அத்தப்பாக் (ரஹ்) அவர்களின் பெயரில் உள்ள தப்பாக் என்பதற்குத் தோல் பதனிடுபவர் என்பதே பொருள். துருக்கியின் அனத்தோலியாவில் ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அஹீ எவ்ரான் தோல் பதனிடுவோரின் குருவாக மதிக்கப்பட்டார். பிற கைவினைச் சங்கங்களும் அவரைத் தலைவராகக் கொண்டன. நாவிதர் சங்கத்தாரோ ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களைத் தங்கள் முன்னோடியாகப் போற்றினர். இது தொழிற்சங்க மரபே அன்றி ஆதாரபூர்வமான நபிமொழியன்று. எனினும் உழைப்பாளிகள் தம் தொழிலை எவ்வளவு உயரத்தில் வைத்துப் பார்த்தனர் என்பதை அது காட்டுகிறது.

வாரிலிருந்து காலணிக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் குகையெஃகு செய்யும் முறையைக் கண்டபின் அந்நகரம் சவரக்கத்திகளுக்குப் பேர்பெற்றது. ஜெர்மனியின் ஸோலிங்கனும் அவ்வாறே வளர்ந்தது. 1769இல் பாரிஸ் நகரக் கத்தி வினைஞர் ஜான் ஜாக் பெரே, ஒருவர் தமக்குத் தாமே மழித்துக்கொள்ளும் கலையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கத்தி பெருகப் பெருக வாரும் பெருகியது. சிக்காகோ நகரில் 1905இல் ஐஸடோர் ஹார்வீன் தொடங்கிய தோல் தொழிற்சாலையின் முதல் பெரும் வணிகமே சவர வாருக்கான குதிரைத் தோல்தான்.

ஆனால் அந்த வணிகத்திற்கு முடிவு கட்டும் பொருள் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. கிங் கேம்ப் ஜில்லெட் தம் நிறுவனத்தை 1901இல் தொடங்கினார். மெல்லிய பிளேடு பொருத்திய பாதுகாப்புச் சவரக் கருவிக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். மழுங்கினால் எறிந்துவிடும் பிளேடுக்குத் தீட்டும் வார் தேவையில்லை. முதல் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அக்கருவி வழங்கப்பட்டதும் வழக்கம் வேரூன்றியது. ஹார்வீன் தொழிற்சாலை வாரை விட்டுக் காலணித் தோலுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது. குர்துபாவின் பெயர் மட்டும் அங்கும் தொடர்ந்தது.

கருவேலமும் ஆவாரையும்

மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துப்போனது. அதைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதன் தோலைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாதா எனக் கேட்டார்கள். செத்த பிராணி ஆயிற்றே என்று சொல்லப்பட்டபோது, உண்பதுதான் விலக்கப்பட்டது என்று தெளிவுபடுத்தினார்கள். பதனிட்ட தோல் தூய்மையாகிவிடும் என்ற நபிமொழியும் முஸ்லிம் நூலில் உண்டு. பன்றி, நாய் ஆகியவற்றின் தோல் நீங்கலாகப் பிற தோல்கள் பதனிட்டால் தூய்மையாகும் என்பது ஷாஃபியீ மத்ஹபு. பன்றியின் தோல் மட்டுமே விலக்கு என்பது ஹனஃபீ மத்ஹபு. ஆக, குதிரைத் தோலில் செய்த வாரில் தடையேதும் இல்லை. வாரோடு சேர்த்து வாங்கும் நுரைத் தூரிகையில்தான் கவனம் வேண்டும். அதில் பன்றி மயிர் பயன்படுத்தப்படுவது பரவலான வழக்கம். செயற்கை இழைத் தூரிகைகள் எங்கும் கிடைக்கின்றன.

பதனிடும் பொருள் எது என்பதையும் சட்ட அறிஞர்கள் விளக்கினர். கருவேல மரத்தின் காய் இலைகள், மாதுளைத் தோடு, படிகாரம் போன்ற துவர்ப்பும் உறைப்பும் உள்ள பொருளால் தோலின் ஈரமும் அழுகலும் நீங்க வேண்டும் என்பர் ஷாஃபியீ அறிஞர்கள். ஹனஃபீ அறிஞர்களோ வெயிலில் உலர்த்தி அழுகல் நீக்குவதையும் ஏற்பர். மைமூனா (ரலி) அவர்களைப் பற்றிய மற்றோர் அறிவிப்பில் தண்ணீரும் கரழும் தோலைத் தூய்மையாக்கும் என்று வருகிறது. கரழ் என்பது நம் கண்மாய்க் கரைகளில் நிற்கும் அதே கருவேலம். மதீனாவின் தோல் பதனிடுவோரும் தமிழகத்தின் தோல் பதனிடுவோரும் ஒரே மரத்தைத் தேடிச் சென்றுள்ளனர்.

தமிழகத்தில் கருவேலம் பட்டையோடு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் சேர்ந்தன. ஆவாரம் பட்டையில் பதனிட்டுச் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குச் சென்ற தோல், கிழக்கிந்தியத் தோல் என்றே சந்தையில் பெயர் பெற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம், திண்டுக்கல், திருச்சி, சென்னையின் பெரியமேடு ஆகிய இடங்களில் தோல் மண்டிகளை நடத்தியோரில் முஸ்லிம் வணிகர் கணிசமானோர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் புகுத்தினார். 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் அமைந்தது.

அத்தொழிலின் வருவாயிலிருந்து கல்வி நிலையங்கள் எழுந்தன. 1919இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி தோல் வணிகரின் கொடையால் வளர்ந்தது. திருச்சியில் 1951இல் தொடங்கப்பட்ட ஜமால் முஹம்மது கல்லூரி தோல் வணிகரான ஜமால் முஹம்மது சாஹிபின் பெயர் தாங்கியது. மேல்விஷாரத்துக் கல்லூரியோ தோல் வணிகரும் வள்ளலுமான சி. அப்துல் ஹக்கீம் சாஹிபின் பெயரில் நிற்கிறது. நம் குடும்பங்களில் எத்தனையோ பட்டதாரிகளின் படிப்பு அந்தத் தொட்டிகளிலிருந்து வந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தோல் கழிவுநீர் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டித் தீர்ப்பளித்தது. மேலும், மண்டியின் முதலாளியாக இருந்தோர் பெயர் கல்வெட்டுகளில் இருக்கிறது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்ற தொழிலாளர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்களும் ஏழை முஸ்லிம்களும் ஆவர்.

கத்தி பிடித்த கைகள்

நபித்தோழர் குபைப் பின் அதிய்யு (ரலி) அவர்கள் மக்காவில் கைதியாக இருந்தார்கள். தமக்கு மரணத் தண்டனை உறுதியானதும், உடல் தூய்மைக்காக அவ்வீட்டுப் பெண்ணிடம் ஒரு சவரக்கத்தியை இரவல் கேட்டுப் பெற்றார்கள். அப்பெண்ணின் சிறு குழந்தை தவழ்ந்து வந்து அவர்களின் மடியில் அமர்ந்துகொண்டது. கையில் கத்தியோடு கைதி, மடியில் பகைவர் வீட்டுக் குழந்தை. தாய் பதறினாள். நான் இதைக் கொன்றுவிடுவேன் என்று அஞ்சுகிறாயா, அப்படிச் செய்பவன் நானல்லன் என்ற கருத்தில் அவர்கள் அமைதிப்படுத்தினார்கள். அவரைவிடச் சிறந்த கைதியைத் தாம் கண்டதில்லை என்று அப்பெண்ணே பின்னாளில் சாட்சி சொன்னார். புகாரீ நூலில் இந்நிகழ்வு இடம்பெற்றுள்ளது.

கத்தி பிடித்தவர் மீது மற்றவர் வைக்கும் நம்பிக்கையே சவரத் தொழிலின் அடித்தளம். கழுத்தை நிமிர்த்திக் கண்ணை மூடி நாம் எத்தனை பேர் முன் அமர்வோம்? ஹுதைபிய்யாவில் நபி (ஸல்) அவர்களின் தலைமுடியை மழித்தவர் கிராஷ் பின் உமய்யா (ரலி). விடைபெறும் ஹஜ்ஜில் மழித்தவர் மஅமர் பின் அப்துல்லாஹ் (ரலி). மினாவில் வலப்பக்கம் முதலில், பின்னர் இடப்பக்கம் என மழிக்கப்பட்ட முடி அபூதல்ஹா (ரலி) அவர்கள் வழியாக மக்களுக்குப் பங்கிடப்பட்டது. அன்று முதல் இன்றுவரை ஹாஜிகள் பின்பற்றும் வரிசை அதுவே.

ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் சந்தைக் கண்காணிப்பாளருக்கான கையேடு எழுதிய அஷ்ஷைஸரீ, நாவிதருக்கு உரிய ஒழுங்குகளையும் வகுத்தார். நாவிதர் இலேசான கையும் தொழில் தேர்ச்சியும் உள்ளவராக இருக்க வேண்டும். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். பணி செய்யும் நாளில் வெங்காயம், பூண்டு போன்றவற்றை உண்டு வாய் நாற்றத்தால் பிறரைத் துன்புறுத்தலாகாது. மருத்துவர், மாவு வணிகர், கண் மருந்திடுவோர் ஆகியோரோடு ஒரே வரிசையில் வைத்துத் தரம் பேசப்பட்ட தொழிலாக அன்று அது இருந்தது.

நம் சமுதாயத்தில் என்ன நடந்தது? மாப்பிள்ளை ஊர்வலத்திற்கு முன் சவரம் செய்ய, குழந்தைக்கு ஏழாம் நாள் தலை மழிக்க, கத்னா செய்ய என எல்லா நற்காரியங்களிலும் நாவிதர் குடும்பம் முதலில் அழைக்கப்பட்டது. கேரளத்தில் ஒஸ்ஸான் என்றும், இலங்கையின் கிழக்குக் கரையில் ஒஸ்தா என்றும் அவர்களுக்குப் பெயர். ஆசான் எனப் பொருள்படும் உஸ்தாத் என்ற சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. பெயரில் ஆசான், பந்தியில் கடைசி. பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள் பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் மட்டும் விலகி நின்றனர். இன்றும் பல ஊர்களில் நின்றுகொண்டிருக்கின்றனர்.

இதற்கு மார்க்கச் சட்டநூல்களில் உள்ள கஃபாஅத், அதாவது மண ஒப்புமை பற்றிய பாடத்தைச் சிலர் காரணம் காட்டுவர். நெய்பவர், இரத்தம் குத்தி எடுப்பவர், தோல் பதனிடுபவர் ஆகியோரைப் பிறருக்கு ஒப்பில்லாதவராக அந்நூல்கள் வகைப்படுத்தியது உண்மைதான். அவை எழுதப்பட்ட நகரங்களின் நடைமுறை வழக்கத்தை அடிப்படையாகக் கொண்டே அவ்வாறு சொல்லப்பட்டது என்பதை ஹனஃபீ அறிஞர்களே விளக்கியுள்ளனர். மண ஒப்புமை மார்க்கப்பற்றில் மட்டுமே பார்க்கப்படும் என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. நெய்பவரையும் குத்தி எடுப்பவரையும் விலக்கிச் சொல்வதாக வரும் செய்தியை ஹதீஸ் கலை அறிஞர்கள் ஏற்கத் தகாதது என ஒதுக்கிவிட்டனர்.

அபூதாவூத் நூலில் இடம்பெறும் நிகழ்வு அதற்கு நேர்மாறானது. அபூஹிந்த் (ரலி) பனூ பயாழா குலத்தாரின் விடுதலை பெற்ற அடிமை. இரத்தம் குத்தி எடுக்கும் தொழில் செய்தவர். நபி (ஸல்) அவர்களின் தலையிலும் குத்தி எடுத்தவர். அக்குலத்தாரை அழைத்த நபி (ஸல்) அவர்கள், அபூஹிந்துக்குப் பெண் கொடுக்குமாறும் அவர் வீட்டில் பெண் எடுக்குமாறும் ஏவினார்கள். கொடுத்தல், எடுத்தல் என இரண்டையும் சொன்னார்கள். வேறொரு முறை தமக்குக் குத்தி எடுத்த அபூதைபா என்பவருக்குப் பேரீச்சம் பழத்தைக் கூலியாகக் கொடுத்ததோடு, அவர் தம் எசமானர்களுக்குச் செலுத்த வேண்டிய தொகையைக் குறைக்கும்படியும் பேசினார்கள். அத்தொழிலின் வருவாய் தாழ்ந்தது என்று வரும் நபிமொழியையும் அறிஞர்கள் இதனோடு சேர்த்தே விளங்கினர். அக்கூலி விலக்கப்பட்டதாக இருந்தால் நபி (ஸல்) அவர்கள் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாதிட்டது புகழ்பெற்றது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் மக்காவில் மறைந்த ஸூஃபி அபுல்ஹஸன் அல்முஸய்யின் அவர்களின் பெயருக்கே நாவிதர் என்றுதான் பொருள். அந்தப் பட்டத்தை வரலாற்றாசிரியர்கள் மறைக்கவில்லை.

வாங்குவோருக்கும் செய்வோருக்கும்

இனி, வார் வேண்டுவோருக்குச் சில குறிப்புகள்.

கடைத்தோல் வாங்கி நீங்களே செய்துகொள்ளலாம். குரோம் முறையில் பதனிட்ட மென்தோல் வேண்டாம், அது நெகிழும். மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோலோ எருமைத் தோலோ மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் தடிப்பில் ஏற்றது. முதுகுப் பகுதியிலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். வயிற்றுப் பகுதித் தோல் இழுபட்டு அலையலையாகிவிடும். ஏழு சென்டிமீட்டர் அகலமும் நாற்பத்தைந்து சென்டிமீட்டர் நீளமும் போதும். கத்தியின் நீளத்திற்கு இந்த அகலம் இருந்தால் குறுக்கே சாய்க்காமல் நேராகத் தீட்டலாம். மேற்பரப்பில் வடுவோ வெட்டோ இருக்கலாகாது. கண்ணாடிப் புட்டியின் பக்கவாட்டால் பலமுறை அழுத்தித் தேய்த்தால் தோல் இறுகி மெருகேறும். ஒரு முனையில் துளையிட்டு வளையம் கோத்து மாட்டுங்கள். மறுமுனையைக் கையால் இறுகப் பிடிப்பதற்கு இரண்டாக மடித்துத் தையுங்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை சில துளிகள் எண்ணெயை உள்ளங்கையில் தடவி, அக்கையால் தோலைத் தேய்த்தால் போதும். எண்ணெய் மிகுந்தால் கத்தி ஒட்டிக்கொள்ளும். தொங்கும் வாரில் கை பழகாதவர்கள் அதே தோலைச் சமமான மரப்பலகையில் ஒட்டிப் பயிலலாம். பழகும்வரை விலையுயர்ந்த குதிரைத் தோலை வாங்காதீர்கள். முதல் மாதத்தில் எல்லோருடைய வாரிலும் வெட்டு விழும்.

ஒரு வார் ஒருவருக்கு மட்டுமே. இரத்தத்தில் பரவும் மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைட்டிஸ் பி, உடலுக்கு வெளியே ஏழு நாள்களேனும் உயிர்ப்போடு இருக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கத்தியைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்யலாம். தோலை அவ்வாறு செய்ய முடியாது. எய்ட்ஸ் பற்றிய விழிப்புணர்வு பரவிய பின் நம் சவரக் கடைகளில் பிடியில் பொருத்தும் பாதி பிளேடு வந்ததும், வார் மறைந்ததும் நல்ல மாற்றமே. தந்தையும் மகனும்கூட வாரைப் பகிர்ந்துகொள்ளலாகாது. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் மினாவிலும் மக்காவிலும் உரிமம் பெற்ற கடையையே நாட வேண்டும். புதிய பிளேடைத் தம் கண்முன் பிரித்துப் பொருத்தச் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் ஒரே பிளேடால் வரிசையாக மழிப்போரிடம் தலையைக் கொடுப்பது உயிரைப் பேணும் கடமைக்கு மாறானது.

செத்த ஆட்டின் தோலையும் பதனிட்டால் தூய்மையாகும் என்று மார்க்கம் சொன்னதை நாம் ஐயமின்றி ஏற்றோம். அத்தோலில் காலுறை அணிந்து அதன்மேல் மஸ்ஹு செய்தோம். அத்தோலின் இலாபத்தில் கல்லூரி கட்டினோம். ஆனால் அதைப் பதனிட்டவரின் மகனுக்கும், அதில் கத்தி தீட்டியவரின் மகளுக்கும் நம் வீட்டு வாசல் இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை. அடுத்த முறை நம் பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது, தொழில் பெயர் கேட்டு முகம் சுளிக்கும் பெரியவர் எவரேனும் இருந்தால், பனூ பயாழா குலத்தாருக்கு இடப்பட்ட கட்டளையை அவருக்குப் பணிவோடு நினைவூட்டுங்கள். அதைச் சொல்ல வேண்டிய முதல் கடமை ஜமாஅத்தின் பொறுப்பாளர்களுக்கும் என் போன்ற மத்ரஸா ஆசிரியர்களுக்கும் உண்டு.

உழைப்பவரின் கையை மதிக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.